வளர்த்த நாயும் பூனையும் போன பிறகும் வீட்டில் இருப்பதுபோல் தோன்றுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் நாய் ஜூலி போன மூன்றாம் நாள் ராத்திரி, ஹாலில் நகச்சத்தம் கேட்டது. மொசைக் தரையில் டிக் டிக் என்று நாலு எட்டு, அப்புறம் வாசல் கதவோரம் சாக்கின் மேல் பொத்தென்று படுக்கிற சத்தம். 12 வருஷம் தினமும் கேட்ட சத்தம். எழுந்து போய் லைட்டைப் போட்டேன். சாக்கு மடித்து வைத்தபடியே இருந்தது. மறுநாள் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து அம்மாதான் தானாக ஆரம்பித்தார்: "எனக்கும் கேட்டுச்சுடா."

அதற்குப் பிறகு, நாயையோ பூனையையோ இழந்த யாரைப் பார்த்தாலும் மெதுவாகக் கேட்டுப் பார்ப்பேன். பலரிடமும் சொல்ல ஏதோ ஒன்று இருக்கிறது. சொன்ன பிறகு ஒரு பெருமூச்சும் வருகிறது. அவர்கள் என்னிடம் கேட்டதையும், நான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

செத்துப்போன நாயின் சத்தம் காதில் கேட்கிறது. எனக்குப் புத்தி பிசகிவிட்டதா?

இல்லை. இந்தப் பயத்தில்தான் பல பேர் வாயே திறப்பதில்லை.

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் டெவி ரீஸ் என்றொரு குடும்ப டாக்டர் இருந்தார். கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரை நேரில் பார்த்துப் பேசி, 1971-இல் மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, இறந்தவர் கூடவே இருப்பதுபோல் ஏதோ ஓர் அனுபவம் ஏற்பட்டிருந்தது. சிலர் உருவத்தைப் பார்த்திருந்தார்கள், சிலருக்குக் குரல் கேட்டிருந்தது. அதிகம் பேர் சொன்னது இது இரண்டுமே இல்லை. 'இங்கேதான் இருக்கிறார்' என்ற உணர்வு, அவ்வளவுதான். பெரும்பாலானவர்களுக்கு அது பயத்தைத் தரவில்லை, ஆறுதலாக இருந்தது. ஆனாலும் பத்தில் ஏழு பேர் அதுவரை ஒருவரிடமும் அதைச் சொன்னதில்லை.

அது மனிதர்களைப் பற்றிய ஆய்வு. செல்லப்பிராணியை இழந்தவர்களிடம் பின்னாளில் நடந்த ஆய்வுகளிலும் இதே உணர்வு பேசப்படுகிறது. ஒரே வீட்டில், ஒரே தரையில், பத்துப் பன்னிரண்டு வருஷம் கூடவே கிடந்த உயிர் அது. அதற்கு மட்டும் எப்படி வேறாக இருக்கும்?

சத்தமே இல்லாமல் சத்தம் எப்படிக் கேட்கிறது?

கண்ணும் காதும் வெளியில் இருப்பதை அப்படியே உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. அரைகுறையாக வந்து சேர்வதை, தனக்குப் பழக்கமானதை வைத்து மூளை நிரப்பிக்கொள்கிறது. பார்ப்பது என்பதே நம்மை அறியாமல் நாம் போடும் ஊகம்தான் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் எழுதிவிட்டார்.

ஒரு நாயோடு வாழ்ந்தால் எத்தனை ஊகங்கள் பழகிப்போகும் என்று யோசித்துப் பாருங்கள். சாவியைக் கையில் எடுத்தால் வால் தரையில் அடிபடும். பிஸ்கட் கவரைப் பிரித்தால் முழங்காலுக்குப் பக்கத்தில் மூச்சுக்காற்று. குக்கர் விசில் அடங்கினால் அடுக்களை வாசலில் ஒரு முகம். நாய் போய்விட்டது என்று நமக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது. அது பாட்டுக்கு எதிர்பார்த்துக்கொண்டே இருக்கும். அந்த நேரம் பார்த்து மின்விசிறி ஒரு டிக் அடித்தாலும், சுவரில் பல்லி சொன்னாலும், மாடி வீட்டில் யாராவது நாற்காலியை இழுத்தாலும், அந்தச் சத்தத்தை எடுத்து ஜூலியின் நகமாக்கிவிடும். செல்போனை மேஜையில் வைத்துவிட்டு வந்த பிறகும் சட்டைப்பையில் அது அதிர்ந்ததுபோல் தோன்றுகிறதே, அந்த மாதிரிதான்.

ஓரக்கண்ணில் தெரிவதும் இப்படியே. நேராகப் பார்க்கும்போது இருக்கிற தெளிவு கண்ணின் ஓரத்துக்குக் கிடையாது. நிறமும் வடிவமும் மங்கலாகத்தான் வந்து சேரும். சோபாவில் கிடக்கிற கறுப்புப் பை அரை விநாடி பூனையாக இருந்துவிட்டு மறுபடி பையாகிவிடும். அந்த அரை விநாடி உண்மையாகவே நெஞ்சு நிறைந்துபோகும். அதற்குப் பிறகு வருகிற வெறுமை இருக்கிறதே, அதைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

படுக்கும்போதுதான் அதிகம். பூனை காலடியில் ஏறிப் படுக்கிற கனம் அப்படியே தெரிகிறது.

பூனை வளர்த்தவர்கள் எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். தூக்கம் வந்துகொண்டிருக்கும்போதும் விழிப்பு வந்துகொண்டிருக்கும்போதும் ஒரு நடுநிலை உண்டு. கனவு காண்கிற வேலை தொடங்கியிருக்கும், ஆனால் நாம் படுத்திருக்கிற கட்டிலும் அறையும் நமக்குத் தெரிந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் யாரோ கூப்பிட்டதுபோல், தொட்டதுபோல், பாரமாக அழுத்துவதுபோல் தோன்றுவது எந்த நோயும் இல்லாதவர்களுக்கும் நடக்கிற ஒன்று. துக்கத்தில் தூக்கம் துண்டு துண்டாக உடைவதால் அந்த நடுநிலைக்கு ஒரே ராத்திரியில் பல தடவை போய் வருகிறோம்.

அப்படியென்றால் எல்லாம் மூளையின் வேலைதானா? அது நிஜமாகவே வரவில்லையா?

நான் மேலே சொன்னது, அந்த உணர்வு நமக்குள் எப்படி உருவாகிறது என்பதை மட்டும்தான். இறந்த பிறகு உயிர் எங்கே போகிறது என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. அதை அவரவர் நம்பிக்கையிடம்தான் விட வேண்டும்.

எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. நான் கேட்டது என் காதின் பழக்கம் என்று நான் நினைக்கிறேன். ஜூலி வந்து பார்த்துவிட்டுப் போனாள் என்று அம்மா நினைக்கிறார். மனிதருக்குச் செய்வதுபோலவே 16-ஆம் நாள் வரை அதன் தட்டில் கொஞ்சம் தயிர்சோறு வைத்தார். அணில் வந்து தின்றது. நான் ஒரு நாளும் மறுத்துப் பேசவில்லை. இரண்டு நாள் நானே சோற்றைப் பிசைந்து கொடுத்தேன். என் காதின் பழக்கம் என்று சொல்வதால் அந்தச் சத்தத்தின் மதிப்பு எனக்குக் குறைந்துபோகவில்லை. ஓர் உயிர் என் காதுக்குள் இவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்று தெரிந்ததே எனக்குப் பெரிய விஷயம்.

உங்கள் வீட்டில் யாராவது 'வந்துச்சு' என்று சொன்னால் தயவுசெய்து வாதாடாதீர்கள். 'வரலை' என்று அழுகிறவரிடம் போய் 'வந்திருக்கும்' என்று அடித்துச் சொல்லவும் வேண்டாம்.

எனக்கு எதுவுமே கேட்கவில்லை, கனவில்கூட வரவில்லை. என் பாசம் அவ்வளவுதானா?

அப்படி இல்லவே இல்லை. அந்த வேல்ஸ் ஆய்விலேயே பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எதுவும் தோன்றவில்லை. அவர்களும் வாழ்நாளெல்லாம் கூட வாழ்ந்தவரை இழந்தவர்கள்தான். சிலரின் காது எதிர்பார்க்கும், சிலரின் கை எதிர்பார்க்கும். என் தங்கைக்கு ஒரு சத்தமும் கேட்டதில்லை. ஆனால் சப்பாத்தி சாப்பிடும்போது கடைசித் துண்டைப் பிய்த்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிடுகிறாள், இன்றைக்கும்.

"நாய்தானே, இதுக்குப் போயா?" என்கிறார்கள். இதற்கு என்ன சொல்ல?

இதைக் கேட்டு அழாதவர்கள் குறைவு. வீட்டில் ஒரு மனிதர் இறந்தால் ஊரே வரும். அடுப்பு மூட்ட விடமாட்டார்கள், சாப்பாடு வரும், ஆபீசில் லீவு கிடைக்கும், சொன்னதையே நூறு தடவை சொல்லிச் சொல்லி அழலாம். நாய் இறந்தால் மறுநாள் காலை 9 மணிக்கு ஆபீசில் இருக்க வேண்டும். கண் ஏன் சிவந்திருக்கிறது என்றால் தூசி என்று சொல்ல வேண்டும். கென்னத் டோகா என்ற அமெரிக்கப் பேராசிரியர், இப்படி ஊர் ஒத்துக்கொள்ளாத துக்கங்களைப் பற்றி 1989-இல் ஒரு நூலே தொகுத்தார். வெளியே அழ வழியில்லாத துக்கம் இன்னும் கனக்கிறது என்பது அவர் சொன்னதின் சாரம். நகச்சத்தம் கேட்டதை ஒரு வாரம் நான் ஏன் மறைத்தேன் என்று எனக்குப் புரிந்தது அதைப் படித்த பிறகுதான். அழவே உரிமையில்லாத இடத்தில் இதை எப்படிச் சொல்வது?

ஆனால் நம் மண்ணில் எப்போதும் இப்படி இருந்ததில்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலம், 7-ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் கவர வந்தவர்களோடு போரிட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக நட்ட கல். அவன் உருவத்துக்குப் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நாயின் பெயரைக் கல்லில் வெட்ட வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தோன்றியிருக்கிறது! விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்திலும், செங்கல்பட்டு மாவட்டத்தில் இந்தளூரிலும் சண்டையில் செத்த சேவலுக்கு நடுகல் இருக்கிறது. மகாபாரதத்தின் முடிவில், கூடவே நடந்து வந்த நாயை விட்டுவிட்டு வா என்றபோது எனக்குச் சொர்க்கமே வேண்டாம் என்று நின்றவர் தருமர்.

'நாய்தானே' என்கிறவருக்கு இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அவரிடம் பேச்சை மாற்றிவிடுங்கள். நாய் வளர்த்த ஒருவரைத் தேடிப்போய்ப் பேசுங்கள். அது போதும்.

ஊசி போட்டு அனுப்பினோம். அந்தக் கோபத்தில்தான் சுற்றி வருகிறதோ?

என்னிடம் வந்த கேள்விகளில் மிகவும் கனமானது இது. கேட்டவர் 60 வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதலில், அந்த ஊசியில் நடப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். போடுவது அளவுக்கு மீறிய மயக்க மருந்து. முறையாகப் போட்டால் முதலில் போவது நினைவு. மூச்சும் இதயமும் நிற்பது அதற்குப் பிறகுதான். கண் மூடாது, திறந்தே இருக்கும். நினைவு போன பிறகும் உடம்பு ஒன்றிரண்டு தடவை மூச்சை இழுக்கும், தசை துடிக்கும். பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு 'என்னையே பார்த்துச்சே, போராடுச்சே' என்று அந்தக் காட்சி மனசில் ஒட்டிக்கொள்கிறது. அது உடம்பின் தன்னிச்சையான அசைவு. அதற்குள் வலியை உணர அங்கே யாரும் விழித்திருப்பதில்லை.

எங்கள் விஷயம் நேர் எதிர். ஜூலிக்குச் சிறுநீரகம் போய்விட்டது. தினமும் ட்ரிப்ஸ். கடைசி நாலு நாள் தண்ணீர்கூட இறங்கவில்லை. ஊசி போட்டுவிடலாமா என்று கேட்டார்கள், எனக்கு மனசு வரவில்லை. ஐந்தாம் நாள் விடியற்காலை அது தானாகப் போனது, சிரமப்பட்டுத்தான் போனது. அந்த நாலு நாளை அதற்குக் கொடுத்திருக்க வேண்டாமே என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஊசி போட்டவருக்கு 'அவசரப்பட்டேனோ' என்று உறுத்துகிறது, போடாதவருக்கு 'தாமதித்தேனோ' என்று உறுத்துகிறது. எந்தப் பக்கம் போயிருந்தாலும் உறுத்தியிருக்கும். அந்தப் பெரியவரிடம் இதைத்தான் சொன்னேன். அப்புறம் இன்னொன்றும் கேட்டேன்: "12 வருஷத்துல உங்க நாய் எத்தனை நாள் உங்க மேல கோபமா இருந்திருக்கு?" யோசித்துவிட்டு, "அரை மணி நேரம் இருக்கும். ஊருக்குப் போயிட்டு வந்த அன்னிக்கு" என்றார்.

வீட்டில் இருக்கிற இன்னொரு நாய் வெறும் மூலையையே பார்த்துக் குரைக்கிறது. அதற்குத் தெரிகிறதா?

அதன் மூக்குக்கு அந்த மூலை வெறும் மூலை இல்லை. கூட இருந்த நாயின் வாசனை சாக்கிலும் சுவரிலும் கதவடியிலும் பல நாள் தங்கியிருக்கும். காதும் அப்படித்தான்: ஒலியின் கூர்மையை அளக்கிற ஹெர்ட்ஸ் கணக்கில் நமக்கு 20,000-த்தோடு முடிந்துபோகும், நாய்க்கு ஏறத்தாழ 45,000 வரை போகும். சுவருக்குள் ஓடுகிற எலியின் கீச்சொலி உங்களுக்குக் கேட்காது, அதற்குக் கேட்கும்.

அதுவும் துக்கத்தில் இருக்கலாம். இத்தாலியில் 426 பேரிடம் விசாரித்து 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு நாய் இறந்த பிறகு கூட இருந்த நாயின் நடவடிக்கை மாறிப்போனதாக 86 சதவீதம் பேர் சொன்னார்கள். விளையாட்டும் சாப்பாடும் குறைவது, அதிகம் தூங்குவது, ஆளை விட்டு நகராமல் இருப்பது, இப்படி.

சாப்பாட்டு நேரத்தையும் நடக்கக் கூட்டிப்போகும் நேரத்தையும் மாற்றாதீர்கள். இறந்த நாய் படுத்த துணியை உடனே துவைத்துவிட வேண்டாம், மோந்து பார்க்கட்டும். நாய் இரண்டு நாளுக்கு மேல் சாப்பிடவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். பூனைக்கு அவ்வளவுகூடக் காத்திருக்கக் கூடாது. பட்டினி கிடந்தால் பூனையின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

குழந்தை "ஜூலி நேத்து வந்துச்சு" என்கிறது. என்ன சொல்வது?

"அப்படியா, வந்து என்ன பண்ணுச்சு?" என்று கேளுங்கள். குழந்தை சொல்லும். அது போதும்.

ஆனால் இறந்த செய்தியைச் சொல்லும்போது 'ஊருக்குப் போயிருக்கு', 'தூங்குது' என்று சொல்லாதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம், குழந்தை அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். சாவு என்றால் திரும்பி வர முடியாதது என்பது பள்ளிக்கூடம் போகத் தொடங்குகிற வயதில்தான் மெல்லப் பிடிபடும். தூங்குகிறது என்றால் எப்போது எழுந்திருக்கும் என்று தினமும் கேட்கும், சில குழந்தைகள் தாங்கள் தூங்கவே பயப்படும். 'செத்துப்போச்சு, இனிமே வராது, அதுக்கு இப்போ வலிக்காது' என்று மூன்று சின்ன வாக்கியம் போதும். நீங்கள் அழுதால் குழந்தைக்கு முன்னாலேயே அழுங்கள்.

தட்டு, சங்கிலி, படுத்த துணி எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் நின்றுவிடுமா?

சிலருக்கு நிற்கும், சிலருக்கு இன்னும் அதிகமாகும். அவசரமே இல்லை. நாங்கள் தட்டை மூன்று மாதம் கழித்து எடுத்தோம். கழுத்துப்பட்டை இன்னும் சாவி மாட்டுகிற ஆணியில்தான் தொங்குகிறது.

செல்லப்பிராணியின் ஆவியோடு பேசித் தருகிறேன் என்று ஒருவர் பணம் கேட்கிறார். போகலாமா?

வேண்டாம். அவர் சொல்லப்போவது 'உங்களை மன்னித்துவிட்டது, நிம்மதியாக இருக்கிறது' என்பதைத்தான். அதை உங்களுக்காக நான் காசு வாங்காமல் சொல்கிறேன். சில இடங்களில் 'ஏதோ குறை இருக்கிறது, பரிகாரம் செய்ய வேண்டும்' என்று இழுப்பார்கள். அழுதுகொண்டிருப்பவரின் கையில் இருப்பதைப் பறிக்கிற வேலை அது, எனக்கு அதில் தீராத கோபம் உண்டு. மனசு கேட்கவில்லை என்றால் அந்தப் பணத்துக்கு அரிசி வாங்கித் தெருநாய்களுக்குச் சோறு போடுங்கள்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

நகச்சத்தத்துக்காக வேண்டியதில்லை. ஆனால் வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் வேலைக்கே போக முடியாமல் இருந்தால், வேறு குரல்கள் கேட்டு இதைச் செய் அதைச் செய் என்று ஏவினால், நானும் போய்விட்டால் என்ன என்ற எண்ணம் வந்தால், தாமதிக்காதீர்கள். மத்திய அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண் 14416, கட்டணம் கிடையாது, எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். "நாய்க்காகவா போன் பண்றீங்க" என்று கேட்டுவிடுவார்களோ என்று தயங்க வேண்டாம்.

இன்னொன்று. பார்வை மங்கிய வயதானவர்கள் பூனையோ நாயோ பட்டப்பகலில் தெளிவாக, நீண்ட நேரம் தெரிகிறது என்று சொன்னால் கண் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். பார்வை குறையும்போது இல்லாத உருவங்கள் தெரிவதுண்டு. சார்லஸ் பானே நோய்க்குறி என்று அதற்குப் பெயர். மனநோய் இல்லை.

இது எப்போது நிற்கும்? துக்கத்துக்கு ஐந்து கட்டம் என்கிறார்களே, நான் எந்தக் கட்டத்தில் இருக்கிறேன்?

மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்கிற அந்த ஐந்து கட்டத்தை மறந்துவிடுங்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் அதை எழுதியது, சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளிடம் பேசிப் பார்த்து. பின்னால் அதையே எல்லாத் துக்கத்துக்கும் ஏணிப்படியாக ஆக்கிவிட்டார்கள். இறந்தவரோடு உள்ள உறவை அறுத்துக்கொண்டால்தான் துக்கம் தீரும் என்ற பழைய கருத்தையும், உறவு வேறு வடிவத்தில் தொடர்வது இயல்புதான் என்று 1996-இல் வந்த ஒரு தொகுப்பு நூலில் துக்கத்தை ஆராய்ந்த டென்னிஸ் கிளாஸும் கூட்டாளிகளும் மறுத்தார்கள்.

பழக்கம் தேயத் தேயச் சத்தமும் தேயும். எனக்கு முதல் மாதம் தினமும் கேட்டது, பிறகு வாரத்தில் ஒரு நாள், பிறகு இல்லவே இல்லை என்று நினைத்தேன். தீபாவளி வந்தது. முதல் வெடிச் சத்தம் கேட்டவுடன் நான் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். வெடி போட்டால் அது ஒளிகிற இடம் அதுதான். இப்படி வந்து போகும். பின்னுக்குப் போய்விட்டோம் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

அதே நாய் மறுபடி குட்டியாகப் பிறந்து வருமா? புதிதாக ஒன்று வாங்கலாமா?

முதல் கேள்விக்கு நம்பிக்கைதான் பதில். இரண்டாவதற்கு, உங்களுக்குக் குட்டி மேல் ஆசை வந்தால் வாங்குங்கள், பழையதை மறுபடி பார்க்க வேண்டும் என்ற ஆசையில் மட்டும் வேண்டாம். வருகிற குட்டி வேறு மாதிரி நடக்கும், வேறு இடத்தில் படுக்கும். பாவம், ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால் அதற்கு அந்த வீட்டில் இடமிருக்காது. அதே பெயரை வைக்காதீர்கள்.

அந்த உணர்வு வரும்போது நான் என்ன செய்ய? பேசலாமா?

பேசுங்கள். வேண்டுமென்று வரவழைக்கவும் தேவையில்லை, விரட்டவும் தேவையில்லை. போன வாரம் மழையில் நனைந்து வீட்டுக்கு வந்தேன். கேட்டின் தாழ்ப்பாளைத் தூக்கும்போது அந்தப் பக்கம் நகம் பிறாண்டியது. "இரு இரு, வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் திறந்தேன்.